வாள் கொல்லராக வேண்டுமானால் அந்தக் குடும்பத்தில்தான் பிறக்க வேண்டுமா?

கோவைப் பக்கம் இயந்திரவியல் டிப்ளமோ படிக்கும் ஒரு தம்பி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். ஜப்பானில் இன்றும் பழைய முறையில் வாள் அடிக்கிறவர்கள் எல்லோரும் பரம்பரைக் கொல்லர்களா? வெள்ளை உடுத்தி, சாமி கும்பிட்டுவிட்டுத்தான் உலையைப் பற்றவைக்கிறார்களே, அந்த மதத்துக்காரராக இருந்தால்தான் கற்றுக்கொடுப்பார்களா? வெளியாள் ஒருவர் அந்தத் தொழிலுக்குள் நுழைய வழி உண்டா?

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். பிறப்பு கட்டாயமில்லை. மதம் மாறச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஆனால் உரிமம் பெற்ற ஓர் ஆசானிடம் குறைந்தது 5 ஆண்டுகள், பெரும்பாலும் சம்பளமே இல்லாமல், இருந்தாக வேண்டும். ஒசாகாவில் எஃகுத் தரச் சோதனை வேலையில் பல ஆண்டுகள் இருந்தேன். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஒகாயாமா பக்கத்து ஒசாஃபுனே, கிஃபு மாகாணத்துச் செகி, ஷிமானே மலைகள் என்று வாள் அடிக்கும் ஊர்களைத் தேடிப் போனேன். அங்கே பார்த்த பிறகு உங்கள் மூன்று கேள்விகளும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன. ஒரு குடும்பத்தின் கதையிலிருந்து தொடங்கினால் ஏன் என்று புரியும்.

அந்தக் குடும்பத்தின் பெயர் கஸ்ஸான். ‘நிலா மலை’ என்று பொருள். வடக்கே யமகாத்தாவில், பழைய தேவா நாட்டில், 1984 மீட்டர் உயரத்தில் அந்தப் பெயரிலேயே ஒரு மலை இருக்கிறது. ஹகுரோ, கஸ்ஸான், யுதோனோ என்ற மூன்று மலைகளும் சேர்ந்து ஒரு புண்ணியத் தலம். மலையையே தெய்வமாக எண்ணி ஏறி, அருவியில் நின்று தவம் செய்யும் ‘யமபுஷி’ துறவிகள் நடமாடிய இடம். 12ஆம் நூற்றாண்டில் கிஷின் தாயூ என்ற கொல்லர் இந்த மலையடியில் உலை வைத்தார் என்பது மரபு. அவர் வழி வந்தவர்கள் தங்கள் வாள்களில் மலையின் பெயரையே வெட்டினார்கள். கவிஞர் பாஷோ 1689இல் இந்த மலையில் ஏறியபோது, ஒரு பள்ளத்தாக்கின் ஓரம் கொல்லர் குடிசை என்று சொல்லப்பட்ட இடத்தைக் கண்டார். இந்நாட்டுக் கொல்லர்கள் புனித நீரைத் தேர்ந்து, இங்கே உடலையும் மனதையும் தூய்மை செய்துகொண்டு வாள் அடித்து, ‘கஸ்ஸான்’ என்று பெயர் பொறித்துப் புகழ்பெற்றார்கள் என்று குறித்துவைத்தார். அவர் போன காலத்தில் அந்த மரபின் செழிப்பான நாட்கள் முடிந்திருந்தன.

இவர்களின் வாளைப் பார்த்ததும் கண்டுகொள்ளலாம். தீட்டிய உலோகத்தின் மேல் சீரான அலைகள் அடுத்தடுத்து ஓடும். அதற்கு ‘அயசுகி’ என்று பெயர். இழைத்த சுகி மரப் பலகையின் ரேகை போல இருக்கும். நல்ல விளக்கின் கீழ் ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

எடோ காலத்தின் (1603–1868) நீண்ட அமைதியில் வாளுக்குக் கிராக்கி குறைந்தது. கஸ்ஸான் மரபும் மெலிந்தது. அதை மீட்டவர் சதயோஷி. அவர் எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்குப் போய், அந்தக் காலத்துப் பெரிய ஆசானான சுயிஷின்ஷி மசஹிதேயிடம் பயின்று, பிறகு ஒசாகாவில் குடியேறினார். பிள்ளை இல்லாத அவர், ஓமி நாட்டுச் சிறுவன் ஒருவனைத் தத்தெடுத்தார். அந்தச் சிறுவன்தான் கஸ்ஸான் சதகஸு (1836–1918). தம்பி, உங்கள் முதல் கேள்விக்கான விடை இந்த இடத்தில் இருக்கிறது. இன்று எண்ணூறு ஆண்டுப் பரம்பரை என்று பேசப்படும் குடும்பத்தை அழிவிலிருந்து காத்தவர் அந்த ரத்தத்தில் பிறந்தவர் இல்லை.

காத்தார் என்று சும்மா சொல்லவில்லை. 1876 மார்ச் மாதம் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. ஒரே ஆணையில் ஒரு தொழில் சரிந்தது. வாள் அடித்த கைகள் சமையல் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் அரிவாளுக்கும் போயின. சதகஸுவுக்கு அப்போது 40 வயது. வாங்க ஆளில்லாத காலத்திலும் அவர் வாளை விடவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1906இல், அரண்மனைக் கலைஞர் என்ற பட்டம் இரண்டு வாள் கொல்லர்களுக்குக் கிடைத்தது. ஒருவர் இவர், மற்றவர் மியமோட்டோ கனெனொரி. எனக்கு அந்தப் பட்டத்தைவிட அதற்கு முந்திய முப்பது ஆண்டுகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. யாரும் கேட்காத ஒரு பொருளை, கேட்பார்கள் என்ற உறுதி எதுவும் இல்லாமல், நாள்தோறும் அடிப்பதற்கு எப்படிப்பட்ட மனம் வேண்டும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

இப்போது பெயர்களைக் கவனியுங்கள். சதயோஷி, சதகஸு, அவர் மகன் சதகட்சு, பேரன் சதாயிச்சி, கொள்ளுப்பேரன் சததோஷி. எல்லாப் பெயரும் ‘சத’ என்று வாசிக்கும் ஒரே ஜப்பானிய எழுத்தில் தொடங்குகிறது. ஆசானின் பெயரிலிருந்து ஓர் எழுத்தைச் சீடர் பெறுவது இந்தத் தொழிலின் வழக்கம். எஹிமேயிலிருந்து வந்து சதகட்சுவிடம் கற்றவர் தகஹாஷி. குடும்பத்துக்கு உறவில்லாதவர். அவரும் ‘சததுகு’ ஆனார். 1955இல் வாள் கொல்லர்களில் முதல் ஆளாக ‘வாழும் தேசியச் செல்வம்’ என்ற நிலையை அடைந்தவர் இந்த வெளியாள் சததுகுதான். குடும்பத்து வாரிசான சதாயிச்சிக்கு (1907–1995) அதே பெருமை 1971இல்தான் வந்தது. சதாயிச்சி இளமையில் சதமிட்சு என்று கையெழுத்திட்டவர். பிறகு தாத்தாவின் பெயரை அதே எழுத்துகளோடு எடுத்துக்கொண்டார். இருவரையும் பிரித்துச் சொல்லத்தான் ஒருவரைச் சதகஸு என்றும் மற்றவரைச் சதாயிச்சி என்றும் வாசிக்கிறார்கள். எழுதினால் இரண்டும் ஒரே பெயர்.

ஆகவே வாரிசு என்றால் அங்கே ரத்தமும் உண்டு, தத்தும் உண்டு, சீடனும் உண்டு. மூவருக்கும் ஒரே எழுத்துதான் கிடைக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. இதில்தான் நம்மவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். மதம் என்றதும் உறுப்பினராகச் சேர்வது, நம்பிக்கையை அறிவிப்பது என்று நினைக்கிறோம். வாள் பட்டறையில் அது வேலையோடு வேலையாகக் கிடக்கிறது. சுவரின் உயரத்தில் சிறிய சாமி மாடம். உலையைச் சுற்றி வைக்கோல் புரி. அதில் மடித்த வெள்ளைத் தாள்கள் தொங்கும். புரிக்கு உள்ளே இருக்கும் இடம் சுத்தமானது என்று அர்த்தம். முக்கியமான நாளில் குளிர்ந்த நீரில் குளித்து வெள்ளை உடுத்துவார்கள். புத்தாண்டில் முதல் சம்மட்டி அடியை ஒரு சடங்காகவே செய்வார்கள். செகி ஊரில் அது ஜனவரி 2. நவம்பர் 8ஆம் தேதி துருத்தித் திருவிழா. அன்று உலைக்கு ஓய்வு. துருத்தியைக் கழுவித் துடைத்து, ஆரஞ்சுப் பழம் படைப்பார்கள். எங்கள் பட்டறையில் ஆயுத பூஜைக்கு லேத் இயந்திரத்துக்குப் பொட்டு வைத்து வளர்ந்த எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கொல்லர்கள் கும்பிடும் தெய்வங்களில் இனாரி முக்கியமானவர். நெல்லுக்கும் செழிப்புக்கும் உரிய தெய்வம். நரி அவருடைய தூதர். 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் கியோட்டோவின் சஞ்ஜோ பகுதியில் வாழ்ந்த முனெச்சிகாவைப் பற்றி ஒரு கதை உண்டு. பேரரசர் இச்சிஜோ வாள் கேட்கிறார். கூடச் சேர்ந்து அடிக்கத் தகுந்த துணையாள் இல்லை. முனெச்சிகா இனாரியிடம் முறையிடுகிறார். நரித் தெய்வம் ஆள் வடிவில் வந்து எதிர்ப்பக்கம் நின்று சம்மட்டி போடுகிறது. பிறந்த வாளுக்குக் ‘குட்டி நரி’ என்று பெயர். அந்த வாள் இன்று கையில் இல்லை. ஆனால் அதே முனெச்சிகா அடித்த ‘பிறைநிலா’ வாள் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அலகின் ஓரத்தில் சின்னச் சின்னப் பிறைகள் தெரியும்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது தெய்வம் செய்த வேலை. அது வாளை வானத்திலிருந்து போடவில்லை. துணையாளாக வந்து, கொல்லர் சொன்ன இடத்தில் அடித்துவிட்டுப் போயிருக்கிறது. ஆசான் சின்னச் சுத்தியால் தட்டிக் காட்ட, எதிரே நிற்கும் சீடர்கள் பெரிய சம்மட்டியை மாறி மாறி இறக்குவார்கள். அந்தப் பதில் அடிக்கு ‘அய்சுச்சி’ என்று பெயர். ஒருவர் பேசும்போது எதிரில் இருப்பவர் ‘ம்... ம்...’ என்று கேட்டுக்கொண்டிருப்பதற்கும் ஜப்பானியர்கள் அய்சுச்சி அடிப்பது என்றுதான் சொல்கிறார்கள். நாமும் ‘ம் கொட்டுகிறோம்’. அவர்களுக்கு அடி, நமக்குக் கொட்டு. ஒசாஃபுனேயில் முதல்முறை அந்தச் சம்மட்டிச் சத்தத்தைக் கேட்டபோது, மூன்று பேர் பேசிக்கொள்வது போலத்தான் இருந்தது. ஆசான் பட்டடையின் மேல் வெறுமனே ஒரு தட்டுத் தட்டினார், உடனே எல்லாம் நின்றது.

இதெல்லாம் ஜப்பானின் மரபு வழிபாடான ஷின்தோ மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பல வாள்களின் அலகில் சிற்பம் வெட்டியிருப்பார்கள். கத்தியைச் சுற்றிக்கொண்டு ஏறும் நாகம், தீ சூழ நிற்கும் ஃபுதோ மியோஓ. இந்த ஃபுதோ வேறு யாருமில்லை, சமஸ்கிருதத்தில் ‘அசலர்’, அசைக்க முடியாதவர். கையில் வாள் ஏந்திய பௌத்தக் காவல் தெய்வம். சில வாள்களில் உருவம் இருக்காது, ஓர் எழுத்து மட்டும் இருக்கும். அது சித்தம் எழுத்து. பிராமியின் வழியில் வந்து, சீனா வழியாக பௌத்தத்தோடு ஜப்பான் சேர்ந்தது. ஃபுதோவின் பீஜ எழுத்து ‘ஹாம்’. யமபுஷிகள் வளர்க்கும் வேள்வித் தீயின் பெயர் ‘கோமா’, நம் ஹோமம்தான். சதகஸு இந்தச் செதுக்கு வேலையில் பெயர் பெற்றவர். ஒரு கண்காட்சியில் கண்ணாடிக்குள் இருந்த வாளில் இந்திய எழுத்தைப் பார்த்து அரைமணி நேரம் அசையாமல் நின்றிருக்கிறேன்.

வாளுக்கு முன்னால் எஃகு. அதற்கும் தனித் தெய்வம் உண்டு. பெயர் கனயகோ, பெண் தெய்வம். முதலில் ஹரிமா நாட்டில் இறங்கி, பிறகு வெள்ளை நாரை மேல் ஏறி இசுமோவுக்கு வந்து கட்சுரா மரம் ஒன்றில் அமர்ந்தாள், இரும்பு உருக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தாள் என்பது கதை. அவள் கோயில் ஷிமானே மாகாணத்தின் யசுகி நகரில் இருக்கிறது. பக்கத்து உன்னான் நகரின் சுகயா கிராமத்தில், 1751 முதல் 1921 வரை இரும்பு உருக்கிய பழைய உலைக்கூடம் அப்படியே நிற்கிறது. அதன் எதிரே ஒரு கட்சுரா மரம். இளவேனிலில் சில நாட்கள் மட்டும் அதன் தளிர் செக்கச்செவேலென்று மரம் முழுக்கத் தீப்பிடித்தது போல இருக்கும். நான் போன வருடம் ஒரு வாரம் தப்பிவிட்டது. மரம் பச்சையாக நின்றது.

அந்தப் பழைய உருக்கு முறையின் பெயர் ‘தாதாரா’. களிமண்ணால் தொட்டி போல ஓர் உலை கட்டி, மரக்கரியும் இரும்பு மணலும் மாற்றி மாற்றி இட்டு, மூன்று பகல் மூன்று இரவு காற்று ஊதுவார்கள். ஒரு தடவைக்குச் சுமார் 10 டன் இரும்பு மணல், 12 டன் கரி. கடைசியில் உலையையே உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உள்ளே 2.5 டன் அளவில் ஒரு பெரிய எஃகுக் கட்டி கிடைக்கும். அதிலும் வாளுக்கு உகந்த ‘தமஹகனே’ ஒரு பங்குதான். நம் கொடுமணல், மேல்சிறுவளூர்ப் பக்கத்து உருக்கு மூடிய மண் மூசைக்குள் முழுக்க உருகித் திரவமாகி உறைந்தது. தாதாராவில் எஃகு பெரும்பாலும் முழுக்க உருகுவதில்லை. பஞ்சு போலத் திரண்டு, கசடும் கலந்து வருகிறது. இவர்கள் ஏன் அத்தனை முறை மடித்து மடித்து அடிக்கிறார்கள் என்பதற்குக் காரணம் இந்த வேறுபாட்டில் இருக்கிறது. அடித்துத்தான் கசடைப் பிழிய வேண்டும், கரிமத்தைச் சீராகப் பரப்ப வேண்டும்.

இங்கே மறைக்காமல் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1933இல் டோக்கியோவின் யசுகுனி ஆலய வளாகத்தில் ராணுவ அதிகாரிகளுக்காக வாள் அடிக்கும் பட்டறை ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு எஃகு தர ஷிமானே மலையில் தாதாரா ஒன்றும் எரிந்தது. 1945 வரை அது நடந்தது. வழிபாடும் கைவினையும் படையெடுப்புக்கு வேலை செய்த காலம் அது. ஆசியா முழுக்க மக்கள் அந்த வாளின் மறுபக்கத்தை அறிந்தார்கள். மலாயாவிலும் சயாம் மரண ரயில்பாதையிலும் நம் தமிழ்த் தொழிலாளர்களும் அந்தப் படையின் கீழ் செத்தார்கள். எனக்கு இந்தக் கலையின் மேல் இருக்கும் மதிப்பு அதைத் தெரிந்துகொண்ட பிறகும் இருக்கும் மதிப்பு. தெரியாமல் வியப்பதை நான் விரும்பவில்லை.

போர் முடிந்ததும் நேசப் படைகள் வாள்களைப் பறிமுதல் செய்தன. புதிதாக அடிப்பதும் நின்றது. கலைப்பொருளாக உள்ள வாளைப் பிரித்துக் காக்க வேண்டும் என்று ஹொம்மா ஜுஞ்ஜி போன்ற அறிஞர்கள் போராடினார்கள். 1948இல் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் உருவானது. இசே கோயிலின் புதுப்பிப்பு வந்தபோது, சில கொல்லர்களின் உலை அதற்காகவே மறுபடி எரிந்தது. இசேயில் 20 ஆண்டுக்கு ஒருமுறை கோயிலையே பக்கத்து மனையில் புதிதாகக் கட்டி, சாமியின் உடைமைகள் அனைத்தையும் புதிதாகச் செய்வார்கள். 1949இல் நடக்க வேண்டியது போரின் விளைவால் தள்ளிப்போய் 1953இல் நடந்தது. கடைசியாக 2013, அடுத்தது 2033. அந்த உடைமைகளில் வாள்களும் உண்டு. கோயிலுக்குள் போன வாளை யாரும் வெட்டுக்குப் பயன்படுத்துவதில்லை, பெரும்பாலும் பார்ப்பதும் இல்லை. ஆனால் 20 ஆண்டு என்ற அளவைக் கவனியுங்கள். ஒருமுறை துணையாளாக நின்றவர் அடுத்த முறை ஆசானாக நிற்பார். அதற்கடுத்த முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். கை மறப்பதற்குள் வேலை திரும்ப வந்துவிடுகிறது.

தாதாராவுக்கு அப்படி ஒரு கெடு இல்லாததால் அது முப்பது ஆண்டுக்கு மேல் அணைந்தே கிடந்தது. 1977இல் வாள் பாதுகாப்புச் சங்கம், இப்போது ஒகுஇசுமோ என்று அழைக்கப்படும் மலைப்பகுதியில், பழைய யசுகுனி தாதாரா இருந்த இடத்திலேயே அதை மீட்டது. மீட்க முடிந்ததற்கு ஒரே காரணம், முன்பு அங்கே தீயை நடத்திய அபே யோஷிஸோ உள்ளிட்ட இரு முதிய உலைத் தலைவர்கள் உயிரோடு இருந்தது. வெப்பமானி இல்லாமல் தீயின் நிறத்தையும் உலையின் ஓசையையும் வைத்து நடத்தத் தெரிந்தவர்கள். இன்னும் பத்தாண்டு தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. இன்றும் குளிர்காலத்தில் சில முறை அங்கே உலை மூட்டுகிறார்கள். உரிமம் பெற்ற கொல்லர்களுக்கு எஃகு அங்கிருந்துதான் போகிறது.

இனி மூன்றாவது கேள்வி, போக வழி.

சட்டப்படி, ஜப்பானில் வாள் ஆயுதம் இல்லை, பதிவு செய்யப்பட்ட கலைப்பொருள். அதை அடிக்கக் கலாசார அமைப்பின் உரிமம் வேண்டும். உரிமத்துக்கு முன் உரிமம் உள்ள ஓர் ஆசானிடம் குறைந்தது 5 ஆண்டுப் பயிற்சி, அதன் முடிவில் 8 நாள் பயிற்சிமுகாம். அந்த எட்டு நாளில் தன் கையால் அடித்துக் காட்டியாக வேண்டும். தேறினால் உரிமம். தேறிய பிறகும் மாதம் 2 நீள வாள்களுக்கு மேல் அடிக்க முடியாது. அவசர வேலையால் தரம் கெடக்கூடாது என்பதற்காக வைத்த வரம்பு. ஜப்பானியர் மட்டும்தான் என்று விதி இல்லை, பெண்களுக்கும் தடை இல்லை. ஆனால் இரு வகையிலும் உரிமம் வரை போனவர்கள் மிகச் சிலர்.

பட்டறையில் முதல் நாள் சம்மட்டி தரமாட்டார்கள். ஒரு முறம், ஒரு கத்தி, ஒரு மூட்டை பைன் மரக்கரி. கரியை ஒரே அளவாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு கட்ட வேலைக்கும் ஒவ்வோர் அளவு. தூசி மூக்கில் ஏறி, கை விரல் ரேகை வரை கறுத்துப்போகும். ‘கரி வெட்ட மூன்றாண்டு, எதிர்ச் சம்மட்டிக்கு ஐந்தாண்டு, காய்ச்சிப் பற்றவைக்க ஓர் ஆயுள்’ என்று அங்கே ஒரு வழக்குச் சொல் இருக்கிறது. கரியில் எதற்கு மூன்று வருடம் என்று நானும் ஒருமுறை கேட்டேன். உலோகம் படித்தவன் கேட்கக்கூடாத கேள்வி. துண்டின் அளவு மாறினால் காற்றுப் போகும் இடைவெளி மாறும், இடைவெளி மாறினால் சூடு மாறும். கரி வெட்டுகிறவன் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒவ்வொரு நாளும் ஆசானின் தீயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எந்த நிறத்தில் துருத்தியை வேகமாக இழுக்கிறார், எந்தச் சத்தத்தில் நிறுத்துகிறார் என்பதெல்லாம் சொல்லித்தராமலே கண்ணில் ஏறுகிறது.

பிறகு எஃகு. தமஹகனேயைக் காய்ச்சித் தகடாக அடித்து, நீரில் போட்டு, துண்டு துண்டாக உடைப்பார்கள். உடைந்த முகத்தைப் பார்த்து எது கடினம், எது மென்மை என்று பிரிப்பார்கள். பிரித்த துண்டுகளை ஒரு தட்டின் மேல் அடுக்கி, நனைந்த தாளைச் சுற்றி, வைக்கோல் சாம்பலில் புரட்டி, களிமண் கரைசலை ஊற்றி உலையில் வைப்பார்கள். துண்டுகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும்படி உள்வரை காய வேண்டும், ஆனால் எரிந்துபோகக்கூடாது. அந்த ஓர் ஆயுள் வேலை இதுதான். அடுத்து மடிப்பு. நீட்டி, நடுவில் வெட்டு வைத்து, மடித்து அடித்து, மறுபடி நீட்டி... பத்திலிருந்து பதினைந்து முறை. பதினைந்து மடிப்பில் அடுக்குகள் முப்பதாயிரத்தைத் தாண்டும். நூறு முறை, ஆயிரம் முறை மடித்தார்கள் என்று காணொளிகளில் சொல்வதை நம்பாதீர்கள். அவ்வளவு மடித்தால் கரிமம் எரிந்து எஃகு வெற்று இரும்பாகிவிடும்.

எல்லாம் முடிந்து, நேரான அலகாகக் கிடப்பதை வாளாக்குவது தோய்ச்சல். காய்ச்சி நீரில் அமிழ்த்தும் அந்தச் சில நொடிகள். களிமண்ணும் கரித்தூளும் சாணைக்கல் பொடியும் குழைத்து, முதுகில் தடிப்பாகவும் வாய்ப்புறத்தில் மெல்லியதாகவும் பூசுவார்கள். பட்டறையை இருட்டாக்குவார்கள். நிறத்தைப் பார்த்துத்தான் சூட்டைக் கணிக்க வேண்டும். வெளிச்சம் கண்ணை ஏமாற்றிவிடும். ஏறத்தாழ 750 முதல் 800 டிகிரி. அலகு நீரில் இறங்கியதும் மெல்லிய பூச்சுள்ள வாய்ப்புறம் சட்டென்று குளிர்ந்து, மார்ட்டன்சைட் என்ற கடினமான எஃகு நிலைக்கு மாறி, கொஞ்சம் பருக்கிறது. முதுகு மெதுவாகக் குளிர்கிறது. அந்தப் பருமனின் தள்ளுதலில் வாள் தானாக வளைகிறது. நாம் பார்க்கும் அழகான வளைவின் பெரும்பகுதியை நீர்தான் தருகிறது, சுத்தி இல்லை. இரண்டு உலோகநிலைகளும் சந்திக்கும் கோடுதான் ‘ஹமோன்’, தீட்டியபின் மேகம் போலத் தெரியும் வெண்கோடு. சில நேரம் நீருக்குள் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். வாய்ப்புறம் பிளந்துவிட்டது என்று அர்த்தம். பல வார உழைப்பு அதோடு போனது.

உங்கள் மதக் கேள்விக்கு எனக்குப் பிடித்த விடை அந்த இருட்டில்தான் கிடைத்தது. குளித்தது, வெள்ளை உடுத்தியது, மாடத்துக்கு முன் கைதட்டி வணங்கியது எல்லாம் இந்தச் சில நொடிகளுக்காகத்தான் என்று பட்டது. கை நடுங்கினால் அலகு கோணலாக இறங்கும், மனம் எங்கோ இருந்தால் நிறம் தப்பும். சடங்கு அந்தக் கையை நிலைப்படுத்துகிறது. அதற்கு மேல் அங்கே தெய்வம் இருக்கிறதா என்பதை நின்று பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நான் நின்று பார்த்தேன், இருந்தது என்றுதான் சொல்வேன்.

கஸ்ஸான் குடும்பம் இப்போது நாரா மாகாணத்தின் சகுராய் நகரில் இருக்கிறது. சதாயிச்சி 1960களில் பட்டறையை ஒசாகா பக்கமிருந்து மிவா மலையின் அடிவாரத்துக்கு மாற்றினார். மிவா மலை 467 மீட்டர்தான். ஆனால் அங்குள்ள ஓமிவா ஆலயத்துக்குக் கருவறைக் கட்டடமே கிடையாது. மலைதான் சாமி. வணங்கும் மண்டபத்தில் நின்று மலையைக் கும்பிட வேண்டும். வடக்கே ஒரு மலையின் பெயரைச் சுமந்து கிளம்பிய குடும்பம், தெற்கே இன்னொரு மலையைப் பார்த்துக்கொண்டு உலை வைத்திருக்கிறது. 1946இல் பிறந்த சததோஷி, சதாயிச்சியின் மூன்றாவது மகன். மூத்தவருக்குத்தான் தொழில் போகும் என்ற கட்டாயம்கூட அங்கே இல்லை என்பதற்கு இது ஒரு சான்று. அவரிடமும் வெளியிலிருந்து வந்தவர்கள் சீடர்களாக இருந்து பயின்றிருக்கிறார்கள்.

தம்பி, உண்மையிலேயே போக நினைத்தால் சில காரியங்கள். முதலில் ஜப்பானிய மொழி, அதுவும் பட்டறையில் பாதி வார்த்தையில் சொல்வதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு. இரண்டாவது, ஐந்து ஆண்டுகள் வருமானம் இல்லாமல் இருக்க வீட்டில் வழி இருக்கிறதா என்று அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். உரிமம் வாங்கிய பிறகும் வாளால் மட்டும் பிழைப்பவர்கள் குறைவு. கத்தி, தோட்டக் கருவி என்று சேர்த்துத்தான் பலருக்கு அடுப்பு எரிகிறது. மூன்றாவது, முதலில் பார்வையாளராகப் போங்கள். ஒசாஃபுனே வாள் அருங்காட்சியகத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு பொதுமக்கள் முன் அடித்துக் காட்டுகிறார்கள். முன்வரிசையில் உட்காருங்கள்; தீப்பொறி படும், பருத்திச் சட்டை போட்டுப் போங்கள். பிறகு ஓர் ஆசானுக்குக் கையால் கடிதம் எழுதுங்கள். முதல் கடிதத்துக்குப் பதில் வராது, அல்லது வேண்டாம் என்று வரும். பெரும்பாலான சீடர்கள் இரண்டாவது, மூன்றாவது முறை கேட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார்கள். கடிதத்தில் வாள்மேல் உள்ள காதலைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். காலை எத்தனை மணிக்கு எழுவீர்கள், முதுகு நன்றாக இருக்கிறதா, எத்தனை ஆண்டு தங்க முடியும் என்பதை எழுதுங்கள். கரி வெட்ட ஆள் தேவைப்படும் பட்டறையில் அவர்கள் தேடிப் படிப்பது அதைத்தான்.